டிக்கியில் ஏற்றாதீர்கள்: பெரிய மீன் வளர்ப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெரிய மீன் வளர்க்கும் நண்பர்களுக்கு,

கப்பியும் மோலியும் வளர்ப்பவர்கள் இதைப் படித்தால் தவறில்லை, ஆனால் இந்த மடல் அவர்களுக்கு எழுதியதல்ல. இரண்டடி நீள வெள்ளி அரோவானா, முழம் நீளக் கோய், திரும்பக்கூட இடமில்லாமல் தொட்டியில் கிடக்கும் ரெட் டெயில் கேட்ஃபிஷ் என்று வைத்திருக்கிறீர்களே, உங்களுக்குத்தான். சென்னை கொளத்தூரில் அதை விரல் நீளத்தில் வாங்கி, கவரை ஸ்கூட்டர் ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு வந்திருப்பீர்கள். ஐந்தாறு வருடத்தில் அது இரண்டு கிலோ ஆகிவிட்டது. உங்களுக்கும் கோயம்புத்தூருக்கோ பெங்களூருக்கோ மாற்றல் வந்துவிட்டது. மே மாதக் கடைசியில் வீடு மாறும்போது பீரோ, கட்டில், வாஷிங் மெஷின் எல்லாம் லாரியில் ஏறிய பிறகுதான் பலருக்கும் தொட்டியின் நினைவே வருகிறது. அவசரமாகத் தெரிந்த மீன் கடைக்கு ஒரு போன். கடைக்காரர் வந்து மீனைப் பெரிய கவரில் போட்டு, ஆக்சிஜன் அடித்து, தெர்மாகோல் பெட்டிக்குள் இறக்கி டேப் ஒட்டித் தருகிறார். ராத்திரி ஆம்னி பஸ் டிக்கியில் போட்டுவிட்டால் விடிந்தால் ஊர் என்று தைரியமும் சொல்கிறார். அந்தப் பெட்டியைப் பார்சலில் போடுவதற்கு முன்னால் நீங்கள் சில விஷயங்களைக் கேட்டாக வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தூரம்தான் மீனைக் கொல்கிறது என்று நம்மில் பெரும்பாலானவர்கள் நினைக்கிறோம். ஐந்நூறு கிலோமீட்டர் என்றால் ஆபத்து, ஐம்பது என்றால் பரவாயில்லை என்று கணக்குப் போடுகிறோம். உண்மையில் மீனின் தலையெழுத்தில் பாதி, வண்டி கிளம்புவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே, அதன் வயிற்றில் என்ன இருக்கிறது என்பதில் எழுதப்படுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி, அதைத் தொட்டியிலிருந்து எடுக்கும் ஐந்து நிமிடத்திலும், போன ஊரில் கவரைப் பிரிக்கும் அரை மணி நேரத்திலும் முடிவாகிறது. நடுவில் இருக்கும் பயணத்துக்கு ஒன்றே ஒன்றுதான் தேவை: பக்கத்தில் ஒரு ஆள். ஆம்னி பஸ் பார்சலில் இல்லாமல் போவது அந்த ஆள்தான்.

முதலில் தண்ணீர்க் கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இதில்தான் தவறான நம்பிக்கை அதிகம். கவரில் தண்ணீர் நிறைய இருந்தால் மீனுக்கு நல்லது என்று நீங்கள் கடைக்காரரிடம் வற்புறுத்தியிருப்பீர்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் மிகச் சொற்பம். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம். இரண்டு கிலோ எடையுள்ள மீன் அமைதியாக இருக்கும்போது மணிக்கு 300 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். மீனுக்கு மீன் இது மாறும், மிரண்டால் பல மடங்கு ஏறும். 20 லிட்டர் தண்ணீரில் இருக்கும் மொத்த ஆக்சிஜனும் அதற்கு அரை மணி நேரத்துக்குத்தான் காணும். தண்ணீருக்கு மேலே அடைக்கிற ஆக்சிஜனோ வேறு கணக்கு. ஒரு லிட்டர் சுத்த ஆக்சிஜனின் எடை ஏறக்குறைய 1,300 மில்லிகிராம். 40 லிட்டர் அடைத்தால், காகிதத்தில் பார்க்கும்போது அதே மீனுக்கு ஒரு வாரத்துக்குப் போதும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன் என்று மீன் பண்ணைக்காரர்கள் கட்டுவது இதனால்தான். பெரிய மீனுக்கு முதுகு மூழ்கி, உடம்பை நேராக வைத்திருக்கும் அளவுக்குத் தண்ணீர் வேண்டும். அதற்கு மேல் ஊற்றுகிற ஒவ்வொரு குடமும் ஆக்சிஜனின் இடத்தைத்தான் பிடிக்கிறது.

அப்படியானால் ஒரு வாரம் தாங்க வேண்டிய மீன் ஏன் பத்து மணி நேரத்தில் மல்லாந்துபோகிறது? ஆக்சிஜன் தீர்ந்தா? பெரும்பாலும் இல்லை. மீன் விடும் கரியமில வாயு மூடிய கவருக்குள் எங்கும் போக முடியாமல் தண்ணீரில் சேர்கிறது. அது ஏற ஏற மீனின் ரத்தம் புளிப்பேறுகிறது. புளிப்பேறிய ரத்தத்தால் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ள முடியாது. கவர் மேளம் மாதிரி விறைத்து நிற்கும், உள்ளே ஆக்சிஜன் தாராளமாக இருக்கும், மீன் மட்டும் மூச்சுத் திணறும். கூடவே அம்மோனியா. நன்னீர் மீன் தன் நைட்ரஜன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாகவே அம்மோனியாவாகத் தண்ணீரில் விடுகிறது. இதில் ஒரு வினோதம் உண்டு. தண்ணீர் புளிப்பாக இருக்கும்வரை அந்த அம்மோனியாவில் பெரும்பகுதி அதிகம் தீங்கு செய்யாத வடிவத்தில் இருக்கும். 25 டிகிரியில், பி.எச். 7 இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு அரைப் பங்கு சொச்சம்தான் விஷ வடிவம், பி.எச். 8 ஆனால் அது ஐந்து பங்கைத் தாண்டிவிடும். அதாவது, மீனைத் திணறடிக்கும் அதே கரியமில வாயுதான் தண்ணீரைப் புளிப்பாக வைத்து அம்மோனியாவிடமிருந்து அதைக் காப்பாற்றியும் வருகிறது. ஊர் போய்ச் சேர்ந்து நீங்கள் ரப்பர் பேண்டை அவிழ்த்த கணத்தில் கரியமில வாயு வெளியேறத் தொடங்கும், பி.எச். ஏறும், இரவெல்லாம் சேர்ந்த அம்மோனியா விஷமாக மாறும். கவரைத் திறந்து வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே கவருக்குள் சேரும் கழிவைக் குறைப்பதுதான் முதல் வேலை, அதைப் பயணத்துக்கு முன்பே செய்ய முடியும். மீனைப் பட்டினி போடுங்கள். சின்ன மீனுக்கு ஒரு நாள் போதும். மாமிசம் தின்னும் பெரிய மீனுக்குக் குறைந்தது இரண்டு நாள், மூன்று நான்கு நாள் என்றால் இன்னும் நல்லது. இதைச் சொன்னவுடன் உங்களுக்கு முகம் சுருங்குகிறது. ஊருக்குப் போகும் பிள்ளைக்கு வயிறு நிறையச் சோறு போட்டு அனுப்புவதுதான் நம் வழக்கம்; வாயில்லா ஜீவனை வெறும் வயிற்றோடு அனுப்பச் சொன்னால் கொடுமையாகத்தான் தோன்றும். ஆனால் மீன் நம்மைப் போல உடம்புச் சூட்டைக் காக்கத் தீனி எரிக்கும் பிராணி இல்லை. நன்றாக வளர்ந்த அரோவானாவோ கேட்ஃபிஷோ ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. கிளம்புவதற்கு முந்தின ராத்திரி பாசத்தோடு போட்ட அரைக் கிலோ இறாலும் கோழி ஈரலும்தான் விடியற்காலையில் கவருக்குள் கலங்கல் தண்ணீராக நிற்கின்றன. இந்த விஷயத்தில் நமக்கு வழிகாட்ட ஆராய்ச்சிக்கூடம் தேவையில்லை. கெண்டைக் குஞ்சுகளை லட்சக்கணக்கில் ஊர் ஊராக அனுப்பும் மீன் பண்ணைகளில், பாக்கிங்குக்கு முன்னால் குஞ்சுகளை வலைத் தொட்டியில் விட்டு ஒரு நாள் தீனி நிறுத்திக் குடலைக் காலியாக்குவது பால பாடம். ஒரு குஞ்சு சில காசு பெறும் இடத்தில் இத்தனை கவனம் எடுத்துக்கொள்கிறார்கள். பல ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள, பெயர் வைத்துக் கூப்பிடும் மீனை நாம் சாப்பிட்ட கையோடு அள்ளிப் போடுகிறோம்.

அள்ளிப் போடுவது என்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நாலடித் தொட்டியில் இரண்டடி மீனை வலை போட்டுத் துரத்தினால் என்ன ஆகும்? மீன் கண்ணாடியில் மோதும், தாடை கிழியும், செதில் உரியும், உடம்பின் மேலிருக்கும் வழுவழுப்பு வலையோடு வந்துவிடும். அந்த வழுவழுப்பு சும்மா அழகுக்கு இருப்பதில்லை. அதுதான் கிருமிக்கும் மீனுக்கும் நடுவில் இருக்கும் வேலி. கேட்ஃபிஷாக இருந்தால் பக்கத் துடுப்பின் முள் முதலில் வலையில் மாட்டும், பிறகு கவரைக் குத்தும். கண்ணுக்குத் தெரியாத சேதம் இன்னும் பெரியது. உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத் துள்ளிய மீனின் தசையில் லாக்டிக் அமிலம் சேர்ந்துவிடும். நல்ல தண்ணீரிலேயே அது தணியப் பல மணி நேரம் ஆகும். நாமோ அந்த நிலையில்தான் அதைக் கவருக்குள் கட்டுகிறோம். ஆகவே வலையை ஒதுக்கி வையுங்கள். தண்ணீரைப் பாதிக்கும் கீழே இறக்கி, விளக்கை அணைத்து, கெட்டியான பெரிய கவரைத் தொட்டிக்குள்ளேயே விரித்துப் பிடித்து, மீன் தானாக உள்ளே நகரும்வரை பொறுமையாகத் தள்ளிவிடுங்கள். தண்ணீரோடு சேர்த்துத்தான் அதைத் தூக்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும், அரை மணி நேரமும் வேண்டும். லாரிக்காரர் கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது நடக்கிற காரியம் இல்லை.

நீங்கள் கேட்பது எனக்குத் தெரியும். கடைக்காரர்கள் தினமும் நூற்றுக்கணக்கான பெட்டிகள் அனுப்புகிறார்களே, எல்லாம் உயிரோடுதானே போய்ச் சேர்கின்றன? போய்ச் சேர்கின்றன என்பது உண்மை. ஆனால் அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது இரண்டு அங்குல, மூன்று அங்குல மீன்கள். அவை ஏற்கெனவே பட்டினி போட்டவை, கடைத் தொட்டியில் பிடிபட்டுப் பழகியவை. இரண்டு கிலோ மீன் அவற்றின் பெரிய வடிவம் என்று நினைத்தால் தப்பு. அதற்குத் திரும்ப இடம் வேண்டும். அது வாலை ஒரு முறை வீசினால் கவர் மடிப்பு கிழியும். அது விடும் கழிவும் பல மடங்கு. விரால் மீனை ஈரச் சாக்கிலும் தகர டின்னிலும் நாள் முழுக்க வைத்து விற்கிறார்களே என்றும் சிலர் சொல்வார்கள். விரால் மேலே வந்து காற்றை நேராகக் குடிக்கும் மீன். கோய்க்கு அந்த வசதி கிடையாது, செவுள் மட்டும்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். மீன் விற்பவர்கள் தரும் உத்தரவாதம் பொதுவாகப் பெட்டி வந்து சேரும்போது செத்திருந்தால் மட்டும்தான், அதற்கும் பெட்டியை உடைப்பதிலிருந்து வெட்டாத வீடியோ கேட்பார்கள். நாலாம் நாள் செதிலில் பஞ்சு பூத்து, ஏழாம் நாள் தரையில் சாய்ந்துகிடக்கும் மீன் அந்தக் கணக்கில் வராது. அந்த மரணத்தைப் புது ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி முடித்துவிடுவோம். துள்ளலும் நெருக்கடியும் மீனின் நோய் எதிர்ப்பைக் குலைத்து, பயணம் முடிந்த பல நாள் கழித்துக்கூட அதைக் கொல்லும். ஆகவே உயிரோடு போய்ச் சேர்ந்தது என்ற ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு ஒரு முறையைச் சரி என்று சொல்லிவிட முடியாது.

இப்போது டிக்கிக்கு வருவோம். கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் ராத்திரி பத்து மணிக்கு ஏற்றும் பெட்டி, சூட்கேஸுக்கும் துணி மூட்டைக்கும் நடுவில் போய் உட்காருகிறது. ஏற்றும் பையனுக்கு அதன்மேல் ஒட்டியிருக்கும் அம்புக்குறியைப் பார்க்க நேரமில்லை. கோடை என்றால் அந்த அறை பகல் முழுக்கக் காய்ந்த தகரம், பின்பக்கத்தில் என்ஜின் சூடு வேறு. வெப்பம் 10 டிகிரி ஏறினால் மீனின் மூச்சு ஏறக்குறைய இரட்டிப்பாகும், தண்ணீர் பிடித்துவைக்கும் ஆக்சிஜனோ குறையும். நடுவழியில் எங்கோ நின்று பரோட்டா சாப்பிடும் அரை மணி நேரத்தில் அந்தக் கதவை யாரும் திறப்பதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு அந்தப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தால் என்ன தெரியும் என்று நினைத்துப் பாருங்கள்: தண்ணீர் மேலே பழுப்பு நுரை, அதில் இழை இழையாக வழுவழுப்பு, மூலை மடிப்பில் மூக்கு சொருகிக்கொண்ட மீன், ஒருக்களித்த உடம்பில் செவுள் மூடிகள் மட்டும் வேக வேகமாகத் திறந்து மூடுகின்றன. பக்கத்தில் ஆள் இருந்தால் கவரைப் பிரித்துத் தண்ணீரில் பாதியை மாற்றிவிட முடியும். டிக்கியில் யார் இருக்கிறார்கள்? சட்டமும் இதில் உங்களுக்குத் துணை வராது. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் மனிதரைத் தவிர்த்த எல்லா உயிரையும் விலங்கு என்கிறது, துன்பம் தரும் விதத்தில் ஏற்றிச் செல்வதைக் குற்றம் என்றும் சொல்கிறது. ஆனால் அதன் கீழ் 1978-இல் வந்த போக்குவரத்து விதிகளில் நாய், குரங்கு, மாடு, குதிரைக்கெல்லாம் தனித்தனி அத்தியாயம் இருக்கிறது, மீனுக்கு இல்லை. பார்சல் அலுவலகத்தில் அந்தப் பெட்டி ஒரு லக்கேஜ், அவ்வளவுதான்.

மாற்று வழி ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. ஒரு குட்டி யானை சரக்கு வண்டியோ, பின் சீட்டு மடங்கும் காரோ போதும். உணவுப் பொருள் வைத்திருந்த, மருந்து வாடை இல்லாத பெரிய டிரம் அல்லது மூடியுள்ள நீளமான பிளாஸ்டிக் பெட்டி, பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் இரண்டு. ஒன்று போதாதா என்று கேட்காதீர்கள், விழுப்புரம் தாண்டி நிற்பது அந்த ஒன்றாகத்தான் இருக்கும். காற்று ஓடிக்கொண்டே இருக்கும் டிரம்முக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு: கரியமில வாயு சேராது, வெளியே போய்க்கொண்டே இருக்கும். அதனால் பி.எச். இறங்காது, அம்மோனியா பாதுகாப்பான வடிவில் ஒளிந்துகொள்ளவும் முடியாது. ஆகவே டிரம்மில் போகும்போது பட்டினி இன்னும் முக்கியம். வழியில் மாற்ற உங்கள் தொட்டித் தண்ணீரையே நாலைந்து கேன்களில் எடுத்துக்கொள்வதும் அதே அளவு முக்கியம். கவருக்குச் சொன்ன விதி டிரம்முக்குப் பொருந்தாது. இதில் தண்ணீரை நிறைய ஊற்றுங்கள். நிறைகுடம் தளும்பாது என்பது இங்கே நேர் அர்த்தத்திலேயே உண்மை. பாதி டிரம்மில் ஒவ்வொரு பிரேக்குக்கும் தண்ணீர் சுவரில் அடிக்கும், மீனும் கூடவே அடிபடும். மூடியை இறுகக் கட்டுங்கள், அரோவானா எம்பிக் குதிக்கும் ஜாதி. ஏர் பம்ப் குழாய்க்கும் காற்று வெளியேறுவதற்கும் ஓட்டைகள் இருந்தால் போதும், இருட்டில் மீன் அடங்கிக் கிடக்கும். லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் கல் உப்பு போட்டால், மிரண்ட மீன் உடம்பிலிருந்து இழக்கும் உப்பு கொஞ்சம் ஈடாகும். கோடையில் ராத்திரிப் பயணமே நல்லது. சூடு ஏறினால் ஐஸ் பாட்டிலை செய்தித்தாளில் சுற்றி டிரம்முக்கு வெளியே சாய்த்து வையுங்கள், ஐஸைத் தண்ணீரில் போடவே போடாதீர்கள். கிராம்பு எண்ணெய் விட்டு மயக்கிக் கொண்டுபோகலாம் என்று சிலர் சொல்கிறார்கள். மருத்துவர் கையில் பத்து நிமிடச் சிகிச்சைக்கு அது சரி. அளவு ஒரு துளி கூடினால் செவுள் அசைவே நின்றுவிடும் ஒரு பொருளை எட்டு மணி நேரப் பயணத்துக்கு நம்பாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டியை நிறுத்தி, டார்ச்சைத் தண்ணீரில் நேராக அடிக்காமல் பக்கவாட்டில் காட்டிப் பாருங்கள். மீன் நேராக நின்று சீராக மூச்சு விட்டால் டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம்.

போய்ச் சேர்ந்த ஊரில் தொட்டி தயாராக இருக்க வேண்டும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வீர்கள். ஆனால் தயார் என்பதற்கு நாம் வைத்திருக்கும் அர்த்தம் கண்ணாடியைப் பளபளவென்று துடைத்து, ஃபில்டர் ஸ்பான்ஜைக் குழாயடியில் வெள்ளையாகும்வரை கசக்கிப் பிழிவது. அந்தப் பழுப்பு அழுக்கில்தான் அம்மோனியாவைச் செரிக்கும் பாக்டீரியா குடியிருந்தது. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அதை அலசிக் கொன்றுவிட்டால், புதுத் தொட்டியில் அது மறுபடி வளர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை இரண்டு கிலோ மீன் தன் கழிவில்தான் மூழ்கிக் கிடக்கும். பயணத்தில் பிழைத்துப் புது வீட்டில் சாகும் மீன்களில் பல இப்படித்தான் போகின்றன. ஃபில்டர் மீடியாவைக் கழுவாமல், பழைய தொட்டித் தண்ணீரிலேயே ஊறவைத்து, காற்றுப் படும்படி மூடாத வாளியில் கூடவே கொண்டுபோங்கள். அடுத்தது தண்ணீரின் குணம். சென்னையில் கடினமான போர் தண்ணீரில் ஐந்து வருடம் பழகிய மீனைக் கோயம்புத்தூரின் மெல்லிய சிறுவாணித் தண்ணீரில் ஒரே வீச்சில் இறக்கினால் அது திகைக்கத்தான் செய்யும். புதுத் தொட்டியை முதல் நாளே நிரப்பி, குளோரினை எடுத்து, பழைய தொட்டியின் பி.எச்., கடினம் இரண்டுக்கும் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள். அப்படிச் செய்துவிட்டால், கவரில் வந்த மீனைத் துளித் துளியாகப் புதுத் தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் பழக்க வேண்டிய அவசியமே இல்லை. கட்டியபடியே கவரைத் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் செய்யுங்கள். திறந்த பிறகு தாமதிக்காமல் மீனை மட்டும் தொட்டியில் விட்டு, கவர்த் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் விளக்கும் வேண்டாம், தீனியும் வேண்டாம். பசித்துக் கண்ணாடியை முட்டினாலும் மனதைக் கல்லாக்கிக்கொள்ளுங்கள்.

செலவு ஆகுமே என்பது நியாயமான கேள்வி. பார்சலுக்குச் சில நூறு ரூபாய். தனி வண்டி என்றால் ஆயிரக்கணக்கில் போகும். ஆனால் ஆறடித் தொட்டி, கனிஸ்டர் ஃபில்டர், மாதாமாதம் மின்சாரக் கட்டணம், இத்தனை வருடம் போட்ட தீனி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தவர் யாரும் கடைசியில் வண்டி வாடகையில் மிச்சம் பிடிக்கமாட்டார். மீன்தானே, நாளைக்கு இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். அவர்களோடு நான் வாதாட வரவில்லை. அப்படி நினைப்பவர் பதினைந்து வருடம் வாழக்கூடிய பிராணியை வாங்கியதுதான் பிழை. நீங்கள் அப்படி நினைப்பவர் இல்லை என்பதால்தானே கோயம்புத்தூர் வரைக்கும் அதைக் கொண்டுபோக நினைத்தீர்கள்?

சிலருக்கு உண்மையிலேயே முடியாது. வாடகை வீட்டுக்காரர் அனுமதிக்கமாட்டார், ஒன்பதாவது மாடியில் ஆறடித் தொட்டியின் பாரத்தை வைக்க முடியாது, வெளிநாட்டு வேலை. அப்படியானால் மீனை அதே ஊரில், அதைவிடப் பெரிய தொட்டியோ குளமோ வைத்திருப்பவரிடம் ஒப்படையுங்கள். பயணம் அரை மணி நேரத்தோடு முடிந்துவிடும். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: பெரிய மனதோடு ஏரியில் விடுவது. சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளில் மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டு வரும் டேங்க் கிளீனர் மீன்கள் வானத்திலிருந்து விழவில்லை, தொட்டிகளிலிருந்து போனவை. முதலை வாய் கொண்ட அலிகேட்டர் கார் மீன் 2023-இல் ஸ்ரீநகர் டால் ஏரியிலும் போபாலின் பெரிய ஏரியிலும் பிடிபட்டது. அதுவும் யாரோ ஒருவர் வளர்க்க முடியாமல் விட்ட மீனாகத்தான் இருக்க வேண்டும். ஆசிய அரோவானா, அரபைமா வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் வந்த திருத்தமும் 2024-இல் வந்த பதிவு விதிகளும் இந்த இனங்களை வைத்திருப்பதையும் கைமாற்றுவதையும் அரசுக்குத் தெரிவிக்கச் சொல்கின்றன. வண்டி பிடிப்பதற்கு முன் அந்தக் காகிதத்தைப் பாருங்கள். சாதாரண வெள்ளி அரோவானாவுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

மாற்றல் உத்தரவு கைக்கு வந்த அன்றே, லாரிக்காரருக்குப் போன் போடுவதற்கு முன்னால், காலண்டரில் இரண்டு தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். ஒன்று, தீனியை நிறுத்தும் நாள். இன்னொன்று, போகும் ஊரில் தொட்டியில் தண்ணீர் நிரப்பும் நாள். சாமான் லாரி ஒரு நாள் போகட்டும், மீன் இன்னொரு நாள் போகட்டும். வீடு காலியாகி அந்தத் தொட்டி மட்டும் தனியாக நிற்கும்போது, அவசரமில்லாமல் மீனைக் கவருக்குள் அழைத்துவர உங்களுக்கு நேரம் கிடைக்கும். பஸ்ஸில் நீங்களும் டிக்கியில் மீனுமாகப் போக வேண்டாம். அந்த ஒரு ராத்திரி நீங்களும் அதே வண்டியில் ஏறி, டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். சேலத்தில் ஒரு தரம், பவானியில் ஒரு தரம் மூடியைத் திறந்து பாருங்கள்.